மிதி, பிடி, விடு

"மிதி" என்று கீழேயிருந்து குரல் வருகிறது, மிதிக்கிறேன், இன்னொரு தடவை, இன்னொரு தடவை, "பிடி" என்கிறார், பிடிக்கிறேன், பின்னால் எங்கோ ஸ்பேனர் திரும்புகிறது, என் காலுக்கடியில் பெடல் சட்டென்று தளர்ந்து தரையோடு போய் உட்காருகிறது, மறுபடி ஸ்பேனர், "விடு" என்கிறார், விடுகிறேன். இவ்வளவுதான் வேலை. இதற்கென்று தனியாகப் படித்திருக்க வேண்டியதில்லை, ஆனால் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராலும் தனி ஆளாகச் செய்ய முடியாது, அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக்கூடக் குளிக்காமல் நான் இந்த ஃபியட்டின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், என் கணவர் லோகநாதன் எனக்குக் கீழே சிமெண்டுத் தரையில் பழைய சாக்கை விரித்துப் படுத்திருக்கிறார். பிரேக் குழாய்க்குள் காற்று மாட்டிக்கொண்டிருக்கிறதாம். நான் மேலேயிருந்து அமுக்க, அவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்னத் திருகைத் திறக்க, காற்று ஆயிலோடு சேர்ந்து குமிழி குமிழியாக வெளியே வந்து பாட்டிலில் விழுமாம். அவர் திருகை மூடுவதற்குள் நான் காலை எடுத்துவிட்டால் போன காற்றெல்லாம் திரும்ப உள்ளே வந்துவிடும், அப்புறம் முதலிலிருந்து. இதை மட்டும் கல்யாண மந்திரம் போல மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் கீழே போனார். குமிழியை எனக்குப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. காற்றை வெளியே தள்ளுவது நான், பார்ப்பது அவர்.

"மிதி." மிதிக்கிறேன். குரல் மட்டும்தான் வருகிறது, ஆள் தெரியவில்லை, கண்ணாடியில் பார்த்தால் ஒரு கால் செருப்பு தெரிகிறது, அதுவும் அசையவில்லை. குரலில் ஒரு பழக்கம் இருக்கிறது. முகம் தெரியாத ஒருவருக்கு உத்தரவு போட்டுப் பழகின குரல். மிதி என்பதற்கும் பிடி என்பதற்கும் நடுவில் அவர் விடுகிற இடைவெளி என் காலுக்குப் பொருந்தவில்லை, நான் மூன்றாவது மிதிக்குப் போவதற்குள் பிடி என்று வந்துவிடுகிறது. யாருடைய காலுக்குப் பொருந்தியது அது? சுகந்தியின் காலுக்கு. இந்தக் காரை வாங்கி இரும்புக்கூடாக இந்தப் போர்ட்டிகோவில் இறக்கியபோது இந்த வீட்டில் இருந்தவள் சுகந்தி, அவருடைய முதல் மனைவி. இப்போது கோத்தகிரியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், மகள் பிரணவி அவளோடுதான் இருக்கிறாள். அன்றைக்கும் காற்று எடுத்திருப்பார்கள், அன்றைக்கும் ஒருவர் கீழே, ஒருவர் மேலே. பெடலின் ரப்பரைக் குனிந்து பார்த்தேன், வலது ஓரம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. ஓகோ, பாதத்தைக் கோணலாக வைக்கிறவளா என்று நினைத்தேன், நினைத்ததும் அவள் நடை எப்படி இருக்கும், செருப்பு எந்தப் பக்கம் தேயும் என்றெல்லாம் மனசு கிளம்பிவிட்டது, அப்புறம்தான் உறைத்தது, அட லூசே, இந்தக் கார் முன்னால் இருபது முப்பது வருஷம் எவனோ ஒரு டாக்டரிடம் ஓடியிருக்கிறது, ரப்பரைத் தேய்த்தது அந்த டாக்டராக இருக்கும். சுகந்தி இதை எங்கே ஓட்டினாள், சக்கரமே இல்லாத காரை. எனக்கே சிரிப்பு வந்தது. "என்ன சிரிப்பு?" என்றது கீழேயிருந்து. "ஒண்ணுமில்லீங்க" என்றேன். "விடு." விட்டேன்.

இன்றைக்குத்தான் சுகந்தியை முதல்முறையாகப் பார்க்கப் போகிறேன். பிரணவிக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, லீவுக்கு ஒரு மாசம் இங்கே வந்து இருக்கப் போகிறாள், நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவை. கூட்டிக்கொண்டு வரப் போகும் வண்டி இதுதான். குழந்தையாக இருந்தபோதிலிருந்து அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார், அப்பா கார் ரெடியானதும் அதில்தான் உன்னை மலையிலிருந்து இறக்கிக் கூட்டிவருவேன் என்று. அவளும் காத்திருந்து காத்திருந்து இப்போது பத்தாவது முடித்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் என் கல்யாணத்துக்கு மொய் எழுதிவிட்டுப் போகும்போது, "காரு கல்யாண ஊர்வலத்துக்கு ஆவும்னு பாத்தோம், பேரன் பேத்தி காதுகுத்துக்காவது ஆவுங்களா?" என்று இவரைக் கேட்டுவிட்டுப் போனார். ஆகாமல் என்ன. ஆகிக்கொண்டே இருக்கிறது, அதுதான் பிரச்சினை. இவர் பம்ப் கம்பெனியில் வார்ப்புக்கு மர அச்சு செய்யும் பிரிவில் இருக்கிறார், நகம் அளவு மேடு பள்ளம் கூடக் கண்ணில் பட்டுவிடும், பட்டுவிட்டால் தூக்கம் வராது. இந்த டாஷ்போர்டு மூன்றாவது. முதலாவது தேக்கில் செய்து, பளபளப்பு அதிகம் என்று கழற்றினார். இரண்டாவது நன்றாகத்தான் இருந்தது, மீட்டர் ஓட்டை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறதாம், எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. கதவை மூடினால் வருகிற சத்தத்துக்காக மட்டும் ஒரு தைமாசம் முழுக்கப் போனது. இன்ஜின் வேறொரு காரினுடையது, முன் பிரேக் இன்னொன்றினுடையது, ஸ்டீயரிங் அவரே செய்தது, தொட்டால் கையை எடுக்க மனசு வராது. உள்ளதைச் சொல்ல வேண்டும், கார் அழகு. வெளியே இன்னும் பெயின்ட் அடிக்காமல் சாம்பல் நிறத்தில் நின்றாலும் அழகு. இதில் உட்கார்ந்தால் யாரோ ரொம்ப யோசித்து நமக்காகச் செய்த இடத்தில் உட்கார்ந்தது போல இருக்கிறது.

பின் சக்கரம் இரண்டும் முடிந்துவிட்டன, செருப்பு முன்பக்கம் நகர்ந்து என் கண்ணாடியை விட்டுப் போய்விட்டது. இப்போது குரல் என் முழங்காலுக்கு முன்னாலிருந்தே வருகிறது, தகரத்துக்கு அந்தப் பக்கம். "மிதி. பிடி. பிடிச்சுக்க, ஸ்பேனர் வழுக்குது." பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவர் இன்னும் திருகைத் திறக்கவில்லை, ஸ்பேனரைத் துடைக்கிறார் போலிருக்கிறது, துணி உரசுகிற சத்தம் கேட்கிறது. திறக்காதபோது பெடல் நிற்க வேண்டும். நின்றது. நின்றதா? என்னவோ ஒன்று கால் விரலுக்கு அடியில் மெல்ல நகர்ந்தது போலிருந்தது, தூங்குகிற குழந்தை கைக்குள் புரளுகிற அளவுக்கு. என் கால்தான் தளர்ந்திருக்கும், காலையிலிருந்து ஒரே மிதி. "பிடிச்சிருக்கியா?" "பிடிச்சிருக்கனுங்க." அவர் திறந்தார், பெடல் தரைக்குப் போனது, மூடினார், விடச் சொன்னார், விட்டேன். அடுத்த தடவை கவனித்தேன், ஆனால் அவர் உடனே திறந்துவிட்டார், கவனிக்க நேரம் கிடைக்கவில்லை. அப்படி நகர்ந்தால்தான் என்ன, புது ரப்பர் ஏதாவது அமுங்கியிருக்கும். கார் சமாசாரத்தில் எனக்கு என்ன தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் ரத்தம் எடுப்பது. டயக்னாஸ்டிக் சென்டரில் பதினைந்து வருஷத்துக்கு மேலாக, காலையில் வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறவர்களின் முழங்கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடுகிறவள். பயந்தவர்களை அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு ஊசியை உள்ளே விடுகிறவள்.

"ஏர் போயிருச்சு" என்கிறார், நாலாவது சக்கரமும் முடிந்தது, குரலில் சந்தோஷம் தெரிகிறது, "கோகிலா, இப்ப அழுத்திப் பிடிச்சுட்டே இரு, விட்டுராத, நான் ஒவ்வொரு ஜாயின்ட்டா டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வர்றேன். எங்கியாச்சும் கசிஞ்சா இப்பத் தெரிஞ்சுரும்." சரி என்று பிடித்துக்கொண்டேன். இதுவரைக்கும் மிதி பிடி விடு என்று துண்டு துண்டாக வந்த நேரம் இப்போது நீளமாகக் கிடக்கிறது. வலது காலை பெடல் மேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது, வேறு வேலையில்லை. போர்ட்டிகோ கம்பி வழியாக வெயில் உள்ளே வந்து என் மடியில் விழுகிறது. உள்ளே குக்கர் வைக்க வேண்டும், புளிசாதம் கிளறிக் கட்டிக்கொண்டால் மேட்டுப்பாளையம் தாண்டி எங்காவது நிழலில் நிறுத்திச் சாப்பிடலாம், அப்புறம் மலை. மேலே ஏறுவதில் எனக்குப் பயம் இல்லை, இறங்குவதில்தான். சின்ன வயசில் ஸ்கூல் டூர் போய்விட்டு பஸ்ஸில் இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் ஒரு கருகல் வாடை வந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அது பிரேக் எரிகிற வாடைடி என்றாள், பிரேக் எரிந்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கும் என்று கேட்டேன், ஒன்றும் இருக்காது என்றாள், அவளும் நானும் அதோடு பேச்சை நிறுத்திக் கம்பியைப் பிடித்துக்கொண்டோம். பெடல் இறங்குகிறது.

இந்தத் தடவை நிச்சயமாக இறங்குகிறது. கால் சொல்வதை நம்பவில்லை, கண்ணால் பார்க்கலாம் என்று குனிந்தேன். பக்கத்தில் கிளட்ச் பெடல் சும்மா நிற்கிறது, அதன் தண்டில் வெல்டிங் வைத்த இடத்தில் ஒரு புடைப்பு. பிரேக் பெடலின் மேல் ஓரம் அந்தப் புடைப்புக்கு நேராக இருக்கும்படி மிதித்துக்கொண்டேன். மூச்சை எண்ணிக்கொண்டு பார்த்தேன். ஓரம் புடைப்பை விட்டுக் கீழே போனது. ரொம்ப மெதுவாக, கடிகாரத்துப் பெரிய முள் நகர்வதைப் பார்த்துவிட்டேன் என்று பிள்ளைகள் சண்டை போடுமே, அந்த வேகத்தில். நான் அழுத்தத்தைக் கூட்டவில்லை. கூட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினேன், நின்றுவிட்டது. கல் மாதிரி நின்றது. ஓகோ. மெல்லத் தளர்த்தி, சும்மா வைத்திருக்கிற கனத்துக்குக் கொண்டுவந்தேன், ஒரு விநாடி யோசித்தது, மறுபடி இறங்கத் தொடங்கியது. ஓங்கினால் நிற்கிறது, மெதுவாகப் பிடித்தால் நழுவுகிறது. இதென்னடா புது விளையாட்டு. இன்னொரு தடவை செய்தேன். அதேதான். பயம் வர வேண்டிய இடத்தில் எனக்கு முதலில் வந்தது குறுகுறுப்பு, உள்ளே என்னதான் நடக்கிறது என்று. ஏனென்றால் இதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன், கையில் பார்த்திருக்கிறேன். ஒரு சமயம் சென்டருக்கு ஒரு பெட்டி மட்டமான சிரிஞ்சு வந்தது. நுனியைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு வேகமாகத் தள்ளினால் உறுதியாக இருக்கும். மெதுவாகத் தள்ளினால் உள்ளே இருக்கிற ரப்பர் நழுவிக்கொண்டு போகும், வெளியே ஒரு சொட்டு வராது. ரப்பருக்கும் குழாய்க்கும் நடுவில் மயிரிழை இடைவெளி, தண்ணீர் அதில் முன்னாலிருந்து பின்னால் போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

"ஒரு சொட்டு இல்ல" என்கிறார் கீழேயிருந்து, "பின்னால ரெண்டும் பவுடர் மாதிரி காஞ்சு கெடக்குது பாரு." இங்கிருந்து நான் எங்கே பார்ப்பது. "கால் வலிக்குதா?" "இல்லீங்க." "இன்னுங் கொஞ்ச நேரம். முன்னால ரெண்டு ஜாயின்ட்தான்." சொல்லிவிடலாம். ஏனுங்க, பெடல் இறங்குதுங்க. மூன்றே வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. அங்கே வந்து நின்றுகொண்டது. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு நாள், இதே மாதிரி ஏதோ ஒரு கம்பியைப் பிடிக்கச் சொல்லி நான் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார், "பிரணவி அம்மா நடுவுல நடுவுல சந்தேகம் கேட்டுட்டே இருப்பா, வேலை ஓடாது. நீ அப்படியில்ல, உங்கூட வேல செய்யறது எவ்வளவு நிம்மதியா இருக்குது." எனக்குக் குளிர்ந்துபோய்விட்டது அன்றைக்கு. முப்பத்தொன்பது வயசில் கல்யாணம் செய்துகொண்டு வந்தவளுக்கு அதுவே பெரிய பட்டம். அதிலிருந்து சந்தேகம் வந்தால் விழுங்கிவிடுகிறேன். வண்டிக்கு என்ன கலர் என்று ஒரு தடவை கேட்டு, பச்சை வேண்டாமே என்று சொல்லிவிட்டேன், திட்டவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை, பேச்சு மட்டும் நின்றுவிட்டது, சாப்பிட வாங்க என்றால் வந்தார், தட்டைக் கழுவி வைத்தார், அவ்வளவுதான். அந்த மௌனம் எனக்கு ஆகாது. திட்டுகிற வீட்டில் வளர்ந்தவள் நான், திட்டு வந்தால் பதிலுக்குத் திட்டத் தெரியும், இதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

சுகந்தி என்னதான் சந்தேகம் கேட்டிருப்பாள்? கணக்கு டீச்சர், சும்மாவா கேட்டிருப்பாள். கலரைப் பற்றிக் கேட்டிருப்பாளா, செலவைப் பற்றியா, இல்லை இதே சீட்டில் இதே மாதிரி காலை வைத்துக்கொண்டு, ஏனுங்க இது சரியா என்று ஏதாவது ஒன்றைக் கேட்டிருப்பாளா. பதில் வராமல் இன்னொரு தடவை கேட்டிருப்பாளா. அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று அவர் எனக்குச் சொன்னது ஒரே வரி, "ஒத்துப் போகல." கார் ஒத்துப்போகவில்லை என்றால் அதற்கு ஏழு காரணம் சொல்வார். பெடல் இன்னும் இறங்குகிறது, புடைப்புக்கும் ஓரத்துக்கும் நடுவில் இப்போது ஒரு விரல் போகும். ஒருவேளை இது ஒன்றுமில்லாத விஷயமாக இருக்கலாம். எல்லாக் காரிலும் இப்படித்தான் இருக்குமோ என்னவோ, நான் எந்தக் காரில் பிரேக்கை இவ்வளவு நேரம் பிடித்துப் பார்த்தேன். எனக்கு லைசென்ஸே கிடையாது. அவர் வெளியே வந்து, இதுகூடத் தெரியாதா, கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் என்று சிரித்தால் நல்லதுதான், சிரித்துவிட்டுப் போகட்டும். சிரிக்காமல் பேச்சை நிறுத்திவிட்டால்? பேச்சில்லாமல் கோத்தகிரி வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும், அங்கே போய்ச் சுகந்தி முன்னால் இரண்டு பேரும் ஊமைகளாக இறங்க வேண்டும். அவள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள், அவளுக்குத் தெரியாத மௌனமா.

போன வாரம் பிரணவி போன் பேசினாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார், நான் எடுத்தேன். எப்போதும் அப்பா இல்லையா, அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிடுகிறவள் அன்றைக்குக் கொஞ்சம் நின்றாள். "ஆன்ட்டி, அந்தக் காரு நெஜமாவே ஓடுமா? நீங்க ஏறிப் பாத்தீங்களா?" என்றாள். என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, "உங்கப்பா எப்படி இழைச்சு இழைச்சுச் செஞ்சிருக்காருன்னு வந்து பாரு கண்ணு" என்று அளந்து விட்டேன். இழைக்கத்தான் செய்தார். இந்தப் பிரேக்குக்கு ஆயிலைத் தள்ளுகிற இரும்புச் சிலிண்டரையும் அப்படித்தான் இழைத்தார், பழைய சாமான் கடையில் வாங்கி வந்தது, உள்ளே லேசாகத் துரு. மாமரக் குச்சியில் நைஸ் எமரித் தாளைச் சுற்றிக்கொண்டு டிவி பார்க்கும்போதெல்லாம் அதன் உள்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். துரு என்றைக்கோ போய்விட்டது, அவர் நிறுத்தவில்லை. ஒரு நாள் டார்ச்சை உள்ளே அடித்துக் காட்டினார், "பாரு, கண்ணாடி." பார்த்தேன். நிஜமாகவே கண்ணாடி, என் கண்ணே அதில் நீளமாகத் தெரிந்தது. அபாரங்க என்றேன். தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியானால், தேய்ந்தது எங்கே போனது? தாளில் போனது. தாளில் போனது சிலிண்டரில் குறைந்திருக்கும். அதன் துளை பெரிதாகியிருக்கும், உள்ளே போட்ட ரப்பர் அதே அளவு. அடக் கடவுளே. அவ்வளவுதானா விஷயம். எனக்கு வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷம் வந்தது, ஒரு முடிச்சு அவிழ்ந்தால் வருமே அது. மலை வளைவில் யாரும் ஓங்கி மிதிப்பதில்லை. மெதுவாக, நீளமாக, பிடித்துக்கொண்டே இறங்குவார்கள். அந்தக் குழந்தை பின் சீட்டில் இருப்பாள், எட்டிப் பார்த்துக்கொண்டு, கேள்வி கேட்டுக்கொண்டு.

"செரி, எல்லாம் ஆச்சு. விடு" என்கிறார்.

நான் விடவில்லை.

"கோகிலா, விடுன்னேன்."

"விட மாட்டனுங்க. நீங்க வெளிய வாங்க."

கீழே அசைவில்லை. அந்த மௌனம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். பெடலைப் பார்த்தேன், அது தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. "பெடல் நிக்க மாட்டேங்குது. இறங்குது" என்றேன், சத்தமாகவே. "அதெப்படி, ஒரு எடத்துலயும் கசியலையே" என்றார். "வெளிய கசியலீங்க. வந்து பாருங்க." சாக்கு உரசியது, ஒரு கை வந்து மட்கார்டைப் பிடித்தது, முட்டியில் கறுப்பும் தலையில் தூசியுமாக எழுந்து நின்றார். முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன், தூசிதான் இருந்தது. நான் இடப்பக்கம் நகர்ந்துகொண்டேன், அவர் உள்ளே உட்கார்ந்து பெடலை டப் டப் என்று மூன்று குத்துக் குத்தினார். அவர் காலில் எப்போதும் ஓர் அவசரம்.

"கல்லாட்டம் இருக்குதே" என்றார்.

"அப்படிக் குத்துனா நிக்கும். மெதுவா. சும்மா காலை வெச்சுட்டு இருங்க."

"எவ்வளவு நேரம்?"

"பேசாம இருங்க, சொல்றேன்."

நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்து எண்ணுவதற்குள் விரல் ஸ்டீயரிங்கில் தாளம் போட ஆரம்பித்தது, என்னத்த இறங்குது என்று வாயைத் திறந்தார், நான் கையைக் காட்டினேன், மூடிக்கொண்டார். வெயில் இப்போது அவர் முட்டியில் இருந்தது. அந்த முட்டி நகர்ந்தது. மடக்கியிருந்த கால் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது, அவர் அமுக்கவில்லை, தானாக நீண்டது. தாளம் நின்றது. காலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார், இந்தத் தடவை என்னைவிட மெதுவாக. கண்ணை மூடிக்கொண்டார். பெடல் தரை வரைக்கும் போகட்டும் என்று விட்டுவிட்டுக் காத்திருந்தார், போனது.

"ஆத்தா" என்றார் வெளியே வராத குரலில். பிறகு, "நாந்தான். அளவுக்கு மேல தேய்ச்சுப்புட்டேன்."

பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எப்பருந்து இறங்குது?"

"மூணாவது சக்கரத்துல லேசாத் தெரிஞ்சுதுங்க."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க மிதி, பிடி, விடுன்னுதான் சொன்னீங்க. எப்படியிருக்குதுன்னு கேக்கலீங்களே" என்றேன். குற்றமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் அப்படித்தான் வந்தது. அவர் தலையை ஆட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, பிரணவியைக் கூப்பிட்டு, கார் இன்றைக்கு வராது, நாங்கள் பஸ்ஸில் வருகிறோம், பஸ்ஸிலேயே இறங்கிவிடலாம் கண்ணு என்றார். அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது, எப்பவும் இப்படித்தான் என்றாள், பத்து வருஷமா இப்படித்தான் என்றாள். "இல்ல கண்ணு, பிரேக் செரியில்ல. எனக்குத் தெரியல, கோகிலா ஆன்ட்டிதான் கண்டுபிடிச்சுச் சொல்லுச்சு" என்றார். பிறகு அவர் போனை என்னிடம் நீட்டினார், "உங்கிட்டப் பேசோணுமாம்." கொடுத்துவிட்டு இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தார்.

"ஆன்ட்டி, நீங்க சொன்னதும் அப்பா கேட்டுட்டாரா?" என்றாள் பிரணவி.

"கேட்டாரு கண்ணு. வெளிய வந்து காலை வெச்சுப் பாத்தாரு."

"வெளிய வந்தாரா?" அவள் குரலில் கோபம் போய் ஆச்சரியம் வந்திருந்தது. "எங்கம்மா இந்த மாதிரி எதோ சொன்னப்ப வரவே இல்ல ஆன்ட்டி. அம்மா ரொம்ப நேரம் சொல்லிட்டே இருந்துச்சு, நான் வாசப்படியில உக்காந்து பாத்துட்டு இருந்தேன். காருக்கு அடியில இருந்து மிதி மிதின்னு மட்டும்தான் கேட்டுச்சு. அப்புறம் அம்மா எறங்கி உள்ள போயிருச்சு." உடனே, "செரி, பஸ்ல வாங்க. நான் ஸ்டாண்டுக்கு வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெயித்தது போலவும் இருந்தது, பார்த்தே இராத ஒருத்திக்காக அழுகை வருவது போலவும் இருந்தது. திறந்த பானெட்டுக்கும் காருக்கும் நடுவில் ஒரு கோடாக அவர் நெற்றி மட்டும் தெரிந்தது.

"என்ன சொல்றா?" என்றார்.

எப்போதும் போல விழுங்கியிருக்கலாம். பஸ்ல வாங்கங்கறா என்பதோடு நிறுத்தியிருந்தால் அதுவும் பொய்யில்லை. நான் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன், வாசற்படியையும் விடவில்லை. பானெட்டுக்குப் பின்னால் ஸ்பேனர் சத்தம் நின்றது. அவர் பானெட்டைச் சுற்றிக்கொண்டு என் பக்கத்துக் கதவுக்கு வந்து நின்றார். துடைத்த கையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, என்னமோ சொன்னா. ரெண்டு மூணு வாட்டி சொன்னா" என்றார். "என்ன சொன்னான்னு எனக்கு ஞாபகமே இல்ல கோகிலா."

அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. இறங்கி அவர் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டேன்.

"கேட்டாப் போச்சுங்க" என்றேன். "மத்தியானம் அங்கதான போறோம்."